தண்ணீரில் நின்று சுருண்ட நெல்

கோப்பில் 'விதைக் கலப்பு' என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஆராய்ச்சிப் பண்ணையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதை இந்நேரம் கற்றுக்கொண்டிருப்பீர்கள். இருபது வரிசைகளில் பத்தொன்பது நாம் நினைத்தபடி நடக்கும். ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். அதன் பக்கத்தில் இந்த இரண்டு வார்த்தைகளை எழுதி, கணக்கிலிருந்து எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். நானும் எழுதியிருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முறை எழுதப் போய் எழுதாமல் நிறுத்திய கதையை மட்டும் சொல்கிறேன்.

என் கோபத்தைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அளவுகோலை வீசியது உண்மை. நாற்காலியை வீசியதாகச் சொல்வது பொய், அந்த நாற்காலி என்னால் தூக்கவே முடியாத கனம்.

அப்போது எங்கள் பண்ணை ஒரகடம் சாலையில் இருந்தது. ஒரு பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மதில், மறுபக்கம் டயர் கிடங்கு, நடுவே பதினோரு ஏக்கர் நெல். ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். இந்த இடத்தில் இன்னும் எவன் விவசாயம் செய்கிறான் என்று அவர்களுக்கு ஆச்சரியம். நான் நெல் ரகங்களில் முனைவர் பட்டம் வாங்கியவள். வேலைக்கு வரும் பெண்கள் என்னை 'டாக்டர் மேடம்' என்பார்கள். ஆரம்பத்தில் இருமலுக்கு மருந்து கேட்டு இரண்டு பேர் வந்ததும் நடந்தது.

பயிரை வளர்ப்பதுதான் நம் வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். வறட்சிப் பிரிவில் இருப்பவர்களுக்கு அதில் பாதி பொய். பயிரைத் தாகத்தில் வாட்டுவதுதான் எங்கள் வேலை. கோடை மழை நாலு துளிகூட விழாதபடி பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் நெல்லை வளர்த்து, கதிர் வெளிவரப் போகிற நேரம் பார்த்துத் தண்ணீரை நிறுத்துவோம். அந்தச் சமயத்தில் தாகம் வந்தால் நெல் தாங்காது, பதராகிவிடும். பெரும்பாலானவை செத்துப்போகும். சில தாங்கும். தாங்கியவற்றின் விதையை எடுத்து மறு வருடம் விதைப்போம். தாங்கும் குணம் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் என்பது நம் தொழிலின் அடிப்படை நம்பிக்கை.

ஒன்பது வருடம் அப்படிச் சலித்துச் சலித்து எடுத்த ரகத்துக்கு நாற்பத்தேழு என்று எண். ஒவ்வொரு வருடமும் கொட்டகைக்குள்ளேயே விதைத்து, கொட்டகைக்குள்ளேயே வாட்டி, அங்கேயே பிழைத்ததிலிருந்து விதை எடுத்தோம். ஒரு வருடம்கூட அதற்கு வயிறாரத் தண்ணீர் காட்டியதில்லை. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்திருந்த சாதாரண ரகத்தின் விதை மட்டும் வருடாவருடம் தலைமைக் கிடங்கிலிருந்து வரும். செழிப்பாகத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்த விதை. கொட்டகையில் அது எட்டு நாளில் காய்ந்து விழும், நாற்பத்தேழு நிமிர்ந்து நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த ஒப்பீட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கு ஒன்பது வருடம் தெரியவில்லை.

களைபறிக்க வருகிற பெண்களில் மல்லிகா என்று ஒருத்தி. நாற்பது வயதைத் தாண்டியவள், வாயாடி, கை சுத்தமான வேலைக்காரி. வாலாஜாபாத் பக்கம் அவளுக்கு எண்பது சென்ட் நிலம் இருந்தது. ஏரிப் பாசனம் என்று பத்திரத்தில் இருக்கும். ஆனால் ஏரிக்கும் வயலுக்கும் நடுவில் யாரோ கிடங்கு கட்டிவிட்டார்கள், கால்வாய் அடைபட்டுப்போனது. அதன்பிறகு மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பக்கத்து நிலம் அவளுடைய அண்ணனுடையது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் தயார். அண்ணன் தயார். மல்லிகாவின் கையெழுத்துதான் பாக்கி, அதற்கு ஆடி வரை கெடு.

"அந்த நாப்பத்தேழு எனக்குக் கெடைக்குமா மேடம்?" என்று ஒரு நாள் கேட்டாள். "அது இருந்தா மானத்த பாத்துகினே பயிர் வெச்சிடுவேன். கொல்லியும் போச்சின்னா எனக்குன்னு சொல்லிக்க இன்னா கீது?" மானம் என்றால் அவள் பேச்சில் வானம், கொல்லி என்றால் வயல்.

"இந்த வருஷம் வெளியிடுறோம். முதல் மூட்டை உனக்குத்தான். வித்துடாதே" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. வெளியிடாத ரகத்தை வைத்து ஒருவருடைய நிலத்துக்கு வாக்குக் கொடுக்கிற அதிகாரம் எனக்கு யாரும் தரவில்லை. ஆனால் சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே அண்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடைதான் கடைசிச் சோதனை. கொட்டகைக்குள் நாற்பத்தேழாம் எண் ரகம் இருபது வரிசை. முந்தைய வருடத்தின் ஒவ்வொரு வரிசை விதையையும் அதே எண் எழுதித் தனிப் பொட்டலமாக வைத்திருந்தோம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்த வரிசைப்படி விதைத்தோம். எல்லாமே ஒரே ரகம், ஒரே இரத்தம். வெளியே கிணற்றுத் தண்ணீர் பாயும் வயலிலும் அதே இருபது பொட்டலங்களிலிருந்து விதைத்திருந்தோம். அது வெளியீட்டுக்கு விதை பெருக்குவதற்காக. அங்கே தாகம் கீகம் எதுவும் கிடையாது, கணுக்கால் அளவு தண்ணீர் எப்போதும் நிற்கும்.

தண்ணீரை நிறுத்திய ஒன்பதாம் நாள் காலையில் கொட்டகைக்குள் போனேன். ஒரு வரிசை செத்திருந்தது.

ஒன்றிரண்டு தூர் அல்ல, முழு வரிசை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நூல் பிடித்த மாதிரி, வைக்கோல் நிறத்தில். இரண்டு பக்கத்திலும் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு பச்சையாக மற்றவை நின்றன. பூச்சி அடித்தால் இப்படி அடிக்காது. நோய் வந்தால் பக்கத்தில் பரவாமல் இருக்காது. நான் குனிந்து வேரைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரில் ஒன்றுமில்லை. வேலைக்கு வந்த பெண்கள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்கள், உள்ளே கால் வைக்கவில்லை. நான் அதட்டினேன், ஒருத்தியும் அசையவில்லை. எண் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பதினான்கு.

இலையைத் துளி கிள்ளி மரபுச் சோதனைக்கு அனுப்பினேன். நாலு நாளில் முடிவு வந்தது. பதினான்குக்கும் மற்றவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அச்சு அசல் ஒன்று.

எங்கள் இயக்குநர் கெட்ட மனிதர் அல்ல. என்னை வேலைக்கு எடுத்தவர், என் அளவுகோல் வீச்சைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாமல் மறைத்தவர். ஆனால் வெளியீட்டுக் கோப்பு வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

"ஒரு வரிசைதானே மேடம். விதைக் கலப்புன்னு எழுதிட்டு மேல போங்க."

"கலப்பு இல்லைன்னு சோதனை சொல்லுது சார்."

"சோதனைலயும் தப்பு வரும். ஒன்பது வருஷ வேலையை ஒரு வரிசைக்காக நிறுத்துவீங்களா?"

நான் அறைக்குத் திரும்பினேன். நிறுத்துகிற எண்ணம் எனக்கும் இல்லை, அதை ஒளிக்க மாட்டேன். பேனாவைத் திறந்து 'விதை' என்று எழுதியும் விட்டேன். அப்போது சுடலைமுத்து ஓடி வந்தார். அவர் எங்கள் வயல் மேற்பார்வையாளர், திருநெல்வேலிக்காரர், இருபது வருடமாக எதற்கும் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"மேடம், வெளி வயலுக்குக் கொஞ்சம் வாங்களேன். நெல்லு சத்தம் போடுது."

"நெல்லு சத்தம் போடுமா?"

"போடுதுல்லா. நீங்களே வந்து கேளுங்க."

காலை பதினொரு மணி. மே மாத வெயில், ஆனால் உச்சி வெயில் இன்னும் வரவில்லை. வரப்பில் ஏறி நின்றதும் கேட்டது. சரசர, சரசர. காய்ந்த சோளக்கொல்லையில் காற்று நுழைந்தால் வருமே, அந்தச் சத்தம். தாகம் எடுத்த நெல் இலையை நீளவாக்கில் சுருட்டிக்கொள்ளும். சுருண்ட இலைகள் ஒன்றோடொன்று உரசினால் இப்படித்தான் கேட்கும். கொட்டகைக்குள் ஒன்பது வருடம் கேட்ட சத்தம்தான். ஆனால் இங்கே வயலில் தண்ணீர் நின்றது. தண்ணீரில் மேகம் தெரிந்தது. தவளை ஒன்று நீந்திப் போனது. அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு நாற்பத்தேழு ஊசி ஊசியாகச் சுருண்டு கிடந்தது. அடுத்த வயலில் அதே வெயிலில் சாதாரண ரகம் இலையை அகல விரித்து நின்றது.

இந்தச் செடிகள் ஒரு நாள்கூட வறட்சியைப் பார்த்ததில்லை. முளைத்த நாள் முதல் தண்ணீரில் நின்றவை. ஆனாலும் வரப்போகிற எதற்கோ பயந்து ஒடுங்கி நின்றன. நான் காலணியைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினேன், தண்ணீர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், அப்போது கால் நனைகிறவரை எனக்கு நிச்சயமில்லை.

"மேடம், அங்க ஒரு வரிசை மட்டும் சும்மா இருக்கு பாத்தியளா?" என்றார் சுடலைமுத்து. அவர் வரப்பை விட்டு இறங்கவில்லை.

பார்த்தேன். சுருண்டு கிடந்த பத்தொன்பது வரிசைக்கு நடுவே ஒரு வரிசை மட்டும் இலையை விரித்து, எந்தக் கவலையும் இல்லாமல், பளபளவென்று நின்றது. அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சேற்றில் நடந்து போய் எண் அட்டையைத் துடைத்தேன். பதினான்கு.

தாகத்தில் எல்லாம் பிழைத்த இடத்தில் செத்த வரிசையும், தண்ணீரில் எல்லாம் ஒடுங்கிய இடத்தில் ஒடுங்காத வரிசையும் ஒரே பொட்டலத்து விதை. கலப்பும் இல்லை. அப்படியானால் அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. இந்த வருடம் இல்லை, அதன் தாய் நின்ற வருடம்.

முந்தைய வருடக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். பதினான்காம் வரிசைக்கு எதிரே என் கையெழுத்தில் 'மிக நன்று' என்று இருந்தது. இருபதிலேயே அதிக மதிப்பெண். கொட்டகைத் தூணை ஒட்டிய வரிசை.

மதியம் வேலைக்காரப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு, போன வருடம் தூணோரத்து வரிசைக்கு யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் களைபறிக்கத் திரும்பிப் போனார்கள். அரை மணி கழித்து மல்லிகா மட்டும் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"நான்தான் மேடம். சீட்டக் கிழிச்சிடுவீங்களா?"

"என்ன செஞ்சே?"

"அந்தத் தூணாண்டதான் குந்திகினு துன்வேன். டப்பா கழுவுற தண்ணி, பாட்டில்ல மிச்சம் கீற தண்ணி, எல்லாம் அந்த வரிசைல ஊத்திடுவேன். அப்பறம் வூட்லேர்ந்தே ரெண்டு பாட்டில் சேத்து எடுத்தாந்தேன்."

"தெனமுமா?"

"தெனமும். உள்ளார கதிரு கட்டிகினு நிக்குது மேடம். புள்ளத்தாச்சிக்குத் தண்ணி குடுக்காம யாராச்சும் வெச்சிருப்பாங்களா? எல்லாத்துக்கும் ஊத்த எங்கிட்ட தண்ணி ஏது. ஒண்ணாச்சும் பொழைக்கட்டுமேன்னு..."

நான் கத்தவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

பல தலைமுறைத் தாகத்துக்குப் பிறகு அந்த ஒரு வரிசை மட்டும் ஒரு வருடம் தண்ணீர் குடித்தது. அந்தத் தாய்களின் பிள்ளைகள் தாகத்தை மறந்துவிட்டன. வறட்சி வந்தபோது மற்றவற்றைப் போல் முன்கூட்டி இலையைச் சுருட்டி ஒடுங்கத் தெரியாமல், விரித்தபடியே நின்று செத்தன. நாற்பத்தேழு தாங்கியது இரத்தத்தில் இருந்த குணத்தால் இல்லை. தாய் பட்ட பாடு விதைக்குள் ஏதோ ஒரு வகையில் பதிந்திருந்தது. ஒரே ஒரு நல்ல வருடம் போதும், அது அழிந்துவிடும். நான் ஒப்பிட்ட சாதாரண ரகமும் தாங்காத ரகமாக இல்லாமல் இருக்கலாம். அதன் தாய் வயிறாரக் குடித்தவள், அவ்வளவுதான். மறு வருடம் தண்ணீர் குடித்த தாயின் விதையையும் குடிக்காத தாயின் விதையையும் அடுத்தடுத்து விதைத்துப் பார்த்தோம், அப்படியேதான் நடந்தது. அது எப்படிப் பதிகிறது என்பதன் முழு விவரம் இன்றும் எனக்குத் தெரியாது. உங்கள் காலத்தில் தெரிந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்போது விஷயத்தின் கனம் உங்களுக்குத் தெரியும். விற்பனைக்கு விதையை எங்கே பெருக்குவார்கள்? செழிப்பான தண்ணீர் வயலில். அங்கிருந்து மூட்டை கட்டி, வறட்சி தாங்கும் என்று படம் போட்டு, மழையை மட்டும் நம்பியிருக்கிற மனிதர்களிடம் கொடுப்பார்கள். அவர்களும் நம்பி விதைப்பார்கள். மழை தவறிய முதல் வருடமே வயல் முழுக்கப் பதினான்காம் வரிசையாக நிற்கும்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நீங்களும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டிவரும். நான், "நெல்லுக்குத் தெரியும் சார்" என்றேன். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. அன்று காலை அந்தத் தண்ணீர் வயலில் நின்றிருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

கோப்பை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டோம். இன்னொரு சிக்கல் இருந்தது. சோதனைப் பயிரில் கைவைத்த வேலையாளை அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்பது விதி. அறிக்கையில் தண்ணீர் ஊற்றப்பட்டதைச் சொல்லாமல் எதையும் விளக்க முடியாது. 'கொட்டகை மேற்பார்வை என் பொறுப்பு, தண்ணீர் போனது என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யும் இல்லை. ஒரு பருவம் முழுக்க ஒருத்தி தினமும் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. பார்க்காததோடு, 'மிக நன்று' என்று வேறு எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கைக்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், இருக்கிறது.

இதையெல்லாம்விடக் கஷ்டமான வேலை மல்லிகாவிடம் சொல்வது. ஆடிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. கொட்டகைத் தூணோரம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரகம் வெளிவராது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். கடைசியில், "அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடு மல்லிகா. நிலத்தை வித்துடு" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"விக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் நின்ற நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சரசரவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"தாய்க்காரி காஞ்சி கெடந்தாதான் புள்ள தாங்கும். அதானே மேடம்?"

"ஆமா."

"அப்போ கொல்லில ஒரு மூலைய வருசா வருசம் காயப் போட்டு, அந்த மூலைலேர்ந்து மட்டும் வெதை எடுத்து வெச்சிகினா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு 'வித்துடு' என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"தாங்கும்" என்றேன். "ஆனா ஒரு வருஷம்கூட விடக் கூடாது. மழை பேஞ்சாலும், ஏரி நெறஞ்சாலும், அந்த மூலை மட்டும் காயணும். கதிர் கட்டுற நேரத்துல காயணும். உன்னால முடியுமா? பாட்டில் தண்ணிய ஊத்தினவ நீ."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கழுவிய தண்ணீர் தரையில் விழுந்தது, நெல்லில் விழவில்லை.

விவசாயி வயல் சோதனை என்று முறைப்படி ஒரு விண்ணப்பம் போட்டு, கொட்டகையில் தாகத்தில் விளைந்த விதையில் மல்லிகாவின் நிலத்துக்குத் தேவையானதை வாங்கிக் கொடுத்தேன். வெளி வயலில் தண்ணீர் குடித்து விளைந்த விதை ஒன்றுகூடக் கலக்காமல் நானே உட்கார்ந்து அளந்து கட்டினேன். அவள் அண்ணன் தன் நிலத்தை மட்டும் தனியாக, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, தங்கை வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவதை அடியோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடம் பருவமழை ஏமாற்றியது. கார்த்திகையில் நான் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் மனைக்கல் நட்ட தரிசு, கிடங்கின் தகரச் சுவர், அவற்றுக்கு நடுவில் எண்பது சென்ட் நெல். மண் வெடித்துக் கிடந்தது. ஆள் அரவம் இல்லாத அந்த இடத்தில் வயல் முழுக்கச் சரசரத்துக்கொண்டிருந்தது, யாரோ நிறையப் பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது மாதிரி. ஆனால் கதிர் வந்திருந்தது. பாதிக்குமேல் மணி பிடித்திருந்தது. அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போதும், விதைக்கும் போதும். மல்லிகா ஒரு கதிரைக் கசக்கி என் கையில் கொட்டிவிட்டு, "விக்கல மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அப்போது ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. பண்ணைக் கொட்டகையின் கூரை காற்றில் பிய்ந்துவிட்டது, எங்கள் சோதனை மொத்தமும் நனைந்து போனது. ஒன்பது வருடமும் அதற்குப் பிறகும் சேர்த்து வைத்ததை அந்த ஒரு வாரம் கழுவிக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் எனக்கு மல்லிகாவின் மூலை ஞாபகம் வந்தது. சுடலைமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினேன். கிளம்பும்போதே தெரியும், வீண் பயணம் என்று. கொட்டுகிற மழையில் எவள் ஒரு மூலையைக் காய வைப்பாள்?

வயல் முழுக்கத் தண்ணீர் தளும்பியது. நெல் தலையாட்டிக்கொண்டு நின்றது. வடகிழக்கு மூலையில் மட்டும் நாலு சவுக்குக் கம்பு நட்டு, லாரிக்குப் போடுகிற தார்ப்பாய் ஒன்றைக் கட்டியிருந்தது. சுற்றிலும் இடுப்பளவு பள்ளம் தோண்டி, ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ள வழி வெட்டியிருந்தது. பள்ளத்துக்குள் மல்லிகா நின்று வாளியில் மொண்டு மொண்டு கொட்டிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். சாலையில் நின்றிருந்த ஷிப்ட் பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஊர்ல எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சின்னு பேசிக்கிறாங்க மேடம்" என்றாள்.

அவள் பக்கத்தில் போனபிறகுதான் எனக்குக் கேட்டது. இவ்வளவு மழைச் சத்தத்துக்கும் கீழே, தார்ப்பாய்க்குள்ளிருந்து, சரசர, சரசர. நாலு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது, தலைக்குமேல் மழை அடிக்கிறது, உள்ளே அவை சுருண்டுகொண்டிருந்தன. ஈர வாசனை அவற்றுக்கும் எட்டியிருக்கும். சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்தத் தார்ப்பாயைப் பிய்த்து எறிய வேண்டும் போல இருந்தது. முப்பது வருடம் பயிரை வாட்டியே சம்பளம் வாங்கியவளுக்கு அன்றுதான் முதல்முறையாக அப்படித் தோன்றியது.

மல்லிகாவின் முகத்தில் ஓடியதில் எது மழை, எது கண்ணீர் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் எத்தினி நாளு மேடம்?"

கதிரின் வளர்ச்சியைப் பார்க்க நான் குனிந்தேன். தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு ஒரு தூரைத் தடவினேன். இலை காகிதம் போல இருந்தது. தண்டுக்குள் கதிர் உருண்டையாக விரலில் தட்டுப்பட்டது.

"பதினோரு நாள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். காற்றில் ஒரு பக்கத்துக் கயிறு நெகிழ்ந்து, தார்ப்பாயின் விளிம்பிலிருந்து தண்ணீர் உள்ளே சொட்டத் தொடங்கியிருந்தது. அவள் போய் அதை இழுத்து, கம்பில் இன்னொரு சுற்று சுற்றி, பல்லைக் கடித்து இறுக்கிக் கட்டினாள்.